பதினோராம் எண் கோயில்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், முகநூலில் இஸ்தான்புல் படங்கள் வரிசைகட்டி வரும். குடும்பம் முன்னால் நிற்க, பின்னால் ஹாகியா சோஃபியாவின் பெரிய குவிமாடம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம்ம மெர்போக்தான் நினைவுக்கு வரும். "இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஹாகியா சோஃபியா, பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டிய தேவாலயம். 532இல் தொடங்கி 537இல் முடித்தார்கள். சதுரமான கூடத்தின் மேல் வட்டமான குவிமாடத்தை எப்படி உட்கார வைப்பது? நான்கு மூலைகளிலும் முக்கோண வடிவில் வளைந்த சுவர்களை எழுப்பி, பாரத்தை நான்கு பெரிய தூண்களில் இறக்கினார்கள். குவிமாடத்தின் அடியில் சுற்றிலும் 40 சன்னல்கள். வெளிச்சம் உள்ளே பாயும்போது குவிமாடம் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரியும். 558இல் அது இடிந்து விழுந்தது. இன்னும் உயரமாகத் திரும்பக் கட்டினார்கள். 1453க்குப் பிறகு பள்ளிவாசல், 1930களில் அருங்காட்சியகம், 2020 முதல் மீண்டும் பள்ளிவாசல்.

உள்ளே சுவர்களில், பொன் பூசிய கண்ணாடித் துண்டுகளைப் பதித்த மொசைக் ஓவியங்கள் உண்டு. காலப்போக்கில் அவற்றின் மேல் சாந்து பூசிவிட்டார்கள். 1847இல் சுல்தான் அப்துல்மஜீத், பழுதுபார்க்கும் வேலையை ஃபொஸாட்டி சகோதரர்களிடம் ஒப்படைத்தார். சாந்தை நீக்கியபோது வெளிப்பட்ட ஓவியங்களை அவர்கள் தாளில் வரைந்துகொண்டு, பிறகு மூடிவிட்டார்கள். அன்று அவர்கள் கண்ட ஓவியங்களில் சில இன்று சுவரில் இல்லை. அந்தத் தாள்களில் மட்டும் இருக்கின்றன.

இனி மெர்போக்குக்கு வருவோம். பைசாந்தியம் செழித்திருந்த அதே நூற்றாண்டுகளில், ஜெராய் மலையடியில் உள்ள புஜாங் பள்ளத்தாக்கும் கப்பல்கள் வந்துபோன துறைமுகமாக இருந்தது. 1025இல் ராஜேந்திர சோழனின் படை வந்த கடாரம் என்று பெருமையாகப் பேசுகிறோமே, அந்த மண். இங்குள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டியில் கருவறையும் முன்மண்டபமும் இருந்த இடம் நன்றாகத் தெரியும். கூரை இல்லை. மரக்கூரை மக்கிப்போய்விட்டது, தூண்களைத் தாங்கிய கற்கள் தங்கிவிட்டன. 1930களில் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரத்தியும் இதைத் தோண்டி ஆராய்ந்தார்கள். 1960 வாக்கில் அலஸ்டேர் லேம்ப் கற்களை அடுக்கி மீண்டும் நிறுத்தினார்.

இதே பள்ளத்தாக்கில்தான் பதினோராம் எண் சண்டியும் இருந்தது. 2013இல் வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது அதை இடித்துவிட்டார்கள். செய்தி வெளியானதும் நாடே பேசியது. ஆய்வாளர்கள் முன்பே எண் கொடுத்துக் குறித்து வைத்திருந்ததால்தான் போனது எது என்றாவது தெரிந்தது.

எண் இருந்த கோயிலுக்கே இந்தக் கதி. எண்ணே இல்லாத நம் தோட்டத்துக் கோயில்கள்?

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடுகள் வந்துவிட்டன. சனங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நகர்ந்தார்கள். மாரியம்மனும் முனீஸ்வரரும் சில இடங்களில் கூடவே வந்தார்கள், சில இடங்களில் வரவில்லை. என் பாட்டி கும்பிட்ட கோயிலுக்கு ஒரு படம்கூட இல்லை. வாசல் கிழக்கே பார்த்தது என்கிறார் அத்தை. வடக்கே என்கிறார் சித்தப்பா. தீர்த்துவைக்க யாரும் இல்லை.

வானொலியில் நாங்கள் ஒவ்வொரு நாளும் பார்ப்பதுதான்: பேசியது காற்றோடு போய்விடும், பதிவு செய்தது நிற்கும். கோயிலுக்கும் அதுதான். அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது செல்ஃபி எடுத்த கையோடு கோயிலை நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்தினால் உயரம் தெரியும். அளவு நாடா இருந்தால் நீள அகலத்தைக் குறியுங்கள். கல்வெட்டுப் பலகையில் உள்ள ஆண்டையும் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். சிலை எங்கிருந்து வந்தது, முதல் திருவிழாவை யார் நடத்தினார் என்று பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதியைக் கோயில் நிர்வாகத்திடம் கொடுத்துவிடுங்கள்.

படம் எடுத்துவிட்டால் மண்வாரி இயந்திரம் நின்றுவிடாது. ஆனால், "இங்கே எங்கள் கோயில் இருந்தது" என்று சொல்லும் நாளில் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். கட்டடத்தை அப்புறம்கூட அளந்துகொள்ளலாம். விவரம் தெரிந்த பெரியவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிறது. முதலில் அவர்களிடம் போங்கள்.