வெட்டும் கை யாருடையது?

ஒரு பாட்டைப் பத்துத் தடவை பாடிப் பதிவு செய்துகொண்டு, இதிலே ஒரு வரியும் அதிலே ஒரு சொல்லுமாகப் பொறுக்கி ஒட்டி வெளியிடுவது சுத்த மோசடி என்று சங்கீத ரசிகர்கள் சிலர் சொல்லி வருகிறார்கள். ஒரே மூச்சில் பாடியதுதான் பாட்டாம், மற்றதெல்லாம் ஒட்டுத்துணியாம்.

நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. ஓர் அத்தியாயத்தை நாலு தடவை எழுதுகிறேன். முதல் பிரதியின் தொடக்கத்தையும் மூன்றாம் பிரதியின் முடிவையும் சேர்த்து அச்சுக்கு அனுப்புகிறேன். 'இது ஒரே மூச்சில் எழுதிய கதையல்ல, ஆகவே பொய்' என்று எந்த வாசகரும் என்னோடு சண்டைக்கு வந்ததில்லை. எழுத்துக்கு ஒரு நீதி, பாட்டுக்கு ஒரு நீதியா?

பழைய சினிமாப் பாட்டுக்களைப் பார், வாத்தியக் கோஷ்டியும் பாடகரும் சேர்ந்தே பாடினார்கள் என்பார்கள். வாஸ்தவம். கடைசிச் சரணத்தில் ஒரு பிடில் தவறினாலும் பல்லவியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். அது அன்றைய யந்திரத்தின் நிர்ப்பந்தம், விரதம் அல்ல. அப்போதும் பல டேக்குகளில் ஒன்றை யாரோ பொறுக்கத்தான் செய்தார்கள்.

கனடா நாட்டுப் பியானோ மேதை க்ளென் கூல்ட் 1964-ல் கச்சேரி மேடைக்கே முழுக்குப் போட்டுவிட்டு ஒலிப்பதிவுக்கூடத்தோடு நின்றுவிட்டார். பாஹ் இயற்றிய ஒரு ஃபியூக், அதாவது ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும் உருப்படி. அதை எட்டுத் தடவை பதிவு செய்தார். ஆறாவதும் எட்டாவதும் பழுதில்லாமல் அமைந்தன. ஆறாவது கம்பீரம், எட்டாவது துள்ளல். பிற்பாடு நிதானமாகக் கேட்டால், தனித்தனியே இரண்டுமே அலுப்புத் தட்டின! தொடக்கமும் முடிவும் ஆறிலிருந்து, நடுப்பகுதி எட்டிலிருந்து என்று ஒட்டவைத்தார். வாசிக்கும்போது தோன்றாத யோசனை கேட்கும்போது தோன்றியது. 1966-ல் அவரே இதை எழுதியிருக்கிறார். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள்?

ஆகவே ஒட்டுவதோடு எனக்குச் சண்டையில்லை. என் சண்டை வேறு.

கூல்ட் காலத்தில் நாடாவைப் பிளேடால் வெட்டவேண்டும். கை நடுங்கும், ஆகவே யோசித்து வெட்டினார்கள். இன்று கம்ப்யூட்டர் திரையில் டேக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. வேண்டிய துண்டின்மேல் மவுஸை இழுத்தால் அது மேல் வரிசைக்கு வந்துவிடுகிறது. ஒட்டுப்போட்ட இடம் விநாடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் கரைந்துபோகிறது. எதுவும் அழிவதில்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அருமையான சௌகரியம்தான். ஆனால் மவுஸை இழுக்கிற கை யாருடையது?

பாடகி பத்து டேக் பாடிவிட்டு, வெந்நீர் குடித்துவிட்டு, அடுத்த ஸ்டூடியோவுக்குப் போயாகிவிட்டது. நள்ளிரவில் ஓர் உதவியாளர் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பொறுக்குகிறார். என்ன அளவுகோல்? சுருதி. அதைத் திரையே காட்டிவிடுகிறது. துக்கத்தில் குரல் கம்மி, ஸ்வரம் ஓர் இழை தாழ்ந்த சொல் வெளியே போகிறது. கழுவித் துடைத்த சொல் உள்ளே வருகிறது. மூன்றாவது டேக்கில் நீண்ட வரிக்காக இழுத்த மூச்சுக்குப் பிறகு ஏழாவது டேக்கின் குட்டிச் சொல் ஒன்று வந்து நிற்கிறது. இத்தனை பெரிய மூச்சு இதற்குத்தானா?

ஒரு பத்திரிகையின் உதவியாசிரியர் என் நாலு பிரதிகளையும் எடுத்து, இலக்கணப் பிழையில்லாத வாக்கியங்களாகப் பார்த்துக் கோத்து, என் பெயரைப் போட்டு அச்சிட்டால் நான் கோர்ட்டுக்குப் போவேன். பாடகிக்கு மட்டும் அந்த ரோஷம் கூடாதா?

நேரமில்லை என்பார்கள். பத்து டேக் பாட நேரமிருந்ததே! நாலு பாடிவிட்டு, மிச்ச நேரத்தில் அந்த அம்மாளுக்கு மானிட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். மூன்றாவது டேக்கில் குரல் உடைந்த அந்த இடம் இருக்கவேண்டுமா, போகவேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.