மந்திரியை நீக்க ஒரு பொத்தான்

யூரோப்பா யுனிவர்சாலிஸ் நான்காம் பாகத்தில் ஒரு மந்திரியை வீட்டுக்கு அனுப்ப ஒரே ஒரு சொடுக்கு போதும். முகப்படம் மறையும், நாற்காலி காலியாகும், அடுத்தவர் வந்து உட்காருவார். போனவர் கோபித்துக்கொள்வதில்லை. அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது, மகள் கிடையாது, அவருக்குக் கடன்பட்டவர்கள் என்று ஊரில் யாரும் கிடையாது. சேர்க்கும்போது கொடுத்த முன்பணம் மட்டும்தான் நமக்கு நட்டம்.

சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட கணினி விளையாட்டு இது. 1444 நவம்பர் 11இல் தொடங்கும். வரைபடத்தில் ஏதாவது ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து 1821 வரை ஆளலாம், அதுவரை நாடு மிஞ்சினால். விடுமுறைக்கு ஜோகூரில் இருக்கும் எங்கள் ஊரான சாஆவுக்கு வந்திருக்கும் என் அக்கா மகன் மலாக்காவை எடுத்து ஆண்டுகொண்டிருக்கிறான். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டால் "போர் முடியட்டும் மாமா" என்கிறான். எந்தப் போர் என்று கேட்பதை விட்டுவிட்டேன். அவன் கணக்குப் போடும் விதத்தைத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அது நிஜமாகவே அழகான கணக்கு.

மந்திரிகளுக்கு மூன்று நாற்காலி: நிர்வாகம், ராஜதந்திரம், படை. மாதந்தோறும் ஒவ்வொரு துறைக்கும் புள்ளிகள் சேரும். அரசன் எத்தனை மந்தமானவனாக இருந்தாலும் அடிப்படையாக மூன்று புள்ளி உண்டு. அவன் சொந்தத் திறமைக்குச் சுழியம் முதல் ஆறு வரை. அதற்கு மேல் மந்திரியின் தரத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை. புதுத் தொழில்நுட்பம், பிடித்த நிலத்தை உரிமையாக்குவது, நாட்டின் உள்ளமைதி எல்லாமே இந்தப் புள்ளியில்தான் ஓடுகின்றன. பொன் இருந்தும் புள்ளி இல்லாத ராஜா கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

சம்பளம்தான் இதில் சூட்சுமம். முதல் தர மந்திரிக்கு மாதம் 1 டுகாட், அதாவது ஆட்டத்தின் ஒரு பொற்காசு. இரண்டாம் தரத்துக்கு 4, மூன்றுக்கு 9, நான்குக்கு 16, ஐந்துக்கு 25. ஆண்டுகள் போகப் போக இந்தத் தொகையும் ஏறும். ஆக, 9 டுகாட் கொடுத்து ஒரு மூன்றாம் தரத்தாரை வைத்தாலும் மூன்று புள்ளி. 3 டுகாட் கொடுத்து மூன்று முதல் தரத்தாரை வைத்தாலும் மொத்தம் மூன்று புள்ளி. "முதல்ல மூணு நாற்காலியையும் நிரப்பணும் மாமா, தரமெல்லாம் அப்புறம்" என்கிறான் பையன். ஏழை ராஜாவுக்கு இதைவிட நல்ல புத்தி சொல்ல முடியாது. நாற்காலியில் யாரை வைக்கிறோம் என்பதும் கணக்குதான். வணிகர் ஒருவரை உட்கார வைத்தால் வணிகத் திறன் 10 விழுக்காடு கூடும். மலாக்கா நீரிணையைக் கையில் வைத்திருப்பவனுக்கு அது சும்மா விடக்கூடிய சலுகை அல்ல.

என்னை உறுத்துவது வரவு செலவுப் பக்கத்தில் இருக்கும் ஒரு வரி. மந்திரிகளின் சம்பளம் மாதாமாதம் அரசன் கருவூலத்திலிருந்து கழிகிறது. பையன் ஆளும் அதே மலாக்காவில், நிஜத்தில், இந்த வரி அப்படி இருக்கவில்லை.

போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த அடுத்த ஆண்டு, 1512இல், தோமே பிரெஸ் என்ற மருந்துக்காரர் அங்கே வந்து சேர்ந்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இருந்து, துறைமுகத்தின் கணக்கு வழக்குகளை விசாரித்து எழுதிவைத்தார். துறைமுகத்துக்கு நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள். குஜராத்திகளுக்கு ஒருவர், கலிங்கர் என்று மலாய்க்காரர்கள் சொன்ன நம் ஆட்களோடு வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கு ஒருவர், ஜாவா, மொலுக்காஸ் பக்கத்தாருக்கு ஒருவர், சீனம், சம்பா பக்கத்தாருக்கு ஒருவர். மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு 6 விழுக்காடு சுங்கம். அது போதாதென்று சுல்தானுக்கும் பெண்டஹாராவுக்கும் காவல் தலைவரான தெமெங்கோங்குக்கும் அவரவர் ஷாபந்தருக்கும் தனித்தனியே காணிக்கை வைக்க வேண்டும்.

அதாவது முதலமைச்சராகிய பெண்டஹாராவுக்குப் படியளந்தது சுல்தான் அல்ல, கப்பல். கப்பல் கூடினால் அவர் கையும் பெருகும். அவரே சரக்கும் அனுப்புவார். சுல்தான் நினைத்தாலும் குறைக்க முடியாத வருமானம் அது. இப்படிப்பட்டவரை எப்படி நீக்குவது?

மலாக்கா இதற்கு இரண்டு வழிகளைப் பார்த்திருக்கிறது. 1450களில் பெண்டஹாராவாக இருந்தவர் துன் அலி. கலிங்கக் கரையிலிருந்து வந்து மலாக்காப் பெருங்குடியில் பெண் எடுத்த மணி புரிந்தான் என்பவரின் மகன். கிள்ளானிலிருந்து வந்த துன் பேராக் படையில் பெயர் வாங்கி மேலே வந்தபோது, பெருங்குடிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன. சுல்தான் முசாபர் ஷா, துன் அலியை இறங்கிவரச் சொல்லிக் கேட்டார். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்கிறபடி, துன் அலி கேட்ட ஈடு துன் குடு. அந்தப் பெண் துன் பேராக்கின் சகோதரி மட்டுமல்ல, அப்போது சுல்தானுக்கே மனைவி. சுல்தான் மணவிலக்குச் செய்து கொடுத்தார். துன் அலி நாற்காலியை விட்டார். துன் பேராக் அதில் உட்கார்ந்து நான்கு சுல்தான்களுக்கு மந்திரியாக இருந்து 1498இல் இறந்தார். மலாக்காவின் நல்ல காலம் என்று எதைச் சொன்னாலும் அது அவர் காலம். அந்தப் பெண்ணிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்பதைப் பற்றி நூல் மூச்சுவிடவில்லை.

இரண்டாவது வழி துன் முத்தாஹிர் கதை. துன் அலியின் மகன் இவர். சகோதரி துன் செனாஜா சுல்தான் அலாவுதீனின் மனைவி, அடுத்த சுல்தான் மஹ்மூத் ஷாவின் தாய். ஆக, 1500இல் பெண்டஹாரா ஆன துன் முத்தாஹிர் சுல்தானுக்குத் தாய்மாமன். ஊரெல்லாம் மெச்சிய நிர்வாகி, ஊரெல்லாம் பேசிய பணக்காரர். மகன் துன் ஹசான் தெமெங்கோங். அண்ணன் துன் தாஹிரிடம் கருவூலம். பையனின் விளையாட்டு மொழியில் சொன்னால், மூன்று நாற்காலியிலும் ஒரே வீட்டார்.

சுல்தானுக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். மாமன் தன் மகள் துன் பாத்திமாவை மருமகனுக்குக் காட்டாமல், வேறு ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். முறைப்பெண் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பற்றவைத்தது ஒரு வணிக வழக்கு. ஷாபந்தராக இருந்த ராஜா முதலியாருக்கும், வணிகர் தலைவரான நைனா சூரா தேவானாவுக்கும் தகராறு. இருவரும் நம் கரையிலிருந்து போனவர்கள்தான். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பெண்டஹாரா. தீர்ப்புக்கு முன் நைனா சூரா தேவானா பொன்னோடு அவரைப் போய்ப் பார்த்தார், பெண்டஹாராவும் வாங்கிக்கொண்டார். இந்தச் செய்தி கித்துல் என்பவன் காதுக்கு எட்டியது. அவன் நைனாவின் உறவுக்காரன், ராஜா முதலியாருக்கு ஒரு காத்தி எடைப் பொன் கடன்பட்டவன். நேரே முதலியாரிடம் போய், உங்களைத் தீர்த்துக்கட்ட ஏற்பாடு நடக்கிறது என்று சேர்த்துச் சொன்னான். கடன் ரத்தானது. முதலியார் பொன்னையும் மணியையும் அள்ளிக்கொண்டு கடற்படைத் தலைவர் லக்சமானா கோஜா ஹசானிடம் ஓடினார். பெண்டஹாரா அரியணைக்குக் குறிவைக்கிறார் என்று லக்சமானா சுல்தானிடம் சொன்னார்.

1510இல் சுல்தானின் ஆட்கள் கிரிஸ் கத்தியோடு பெண்டஹாரா வீட்டுக்கு வந்தார்கள். எதிர்த்து நிற்க ஆள் இருந்தது, ஆயுதமும் இருந்தது. ராஜதுரோகம் கூடாது என்று துன் முத்தாஹிரே தடுத்துவிட்டார். அவர், அண்ணன், மகன், மருமகன் எல்லாரும் வெட்டுப்பட்டார்கள். மூன்று நாற்காலியும் ஒரே சொடுக்கில் காலி. உண்மை வெளிவந்த பிறகு ராஜா முதலியாரும் கித்துலும் குடும்பத்தோடு கொல்லப்பட்டார்கள். லக்சமானாவின் சொத்து பறிபோனது. விதவையான துன் பாத்திமாவைச் சுல்தான் மணந்துகொண்டார். 1511 ஜூலையில் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கின் கப்பல்கள் வந்தன. ஆகஸ்டில் ஊர் போயிற்று.

போர்த்துகீசியரின் பீரங்கிதான் மலாக்காவை வீழ்த்தியது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1509இல் போர்த்துகீசியரான செக்கெய்ராவின் கப்பல்கள் முதல்முறை வந்தபோது விரட்டியடித்த ஊர் இது. அப்போது நாற்காலியில் இருந்தவர் துன் முத்தாஹிர். இரண்டாவது முறை அவர்கள் வந்தபோது அந்த இடத்தில் இருந்தவர் துன் தெப்போக், நடக்க முடியாத கிழவர். வேண்டாம் என்று மன்றாடியவரைப் பெண்டஹாரா ஆக்கினார்கள். ஊர் விழுந்தபின் அவரைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டுக்குள் வந்தார்கள். நமக்குப் பக்கத்தில் சிகாமட் லூபோக் பத்துவில் அவர் அடங்கியிருக்கிறார். லாபிஸ் தாண்டிச் சிகாமட்டுக்கு மாதச் சாமான் வாங்கப் போகும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

சுல்தான் மஹ்மூத் மூவார், பகாங், பிந்தான் என்று ஓடி, 1528இல் கம்பாரில் இறந்தார். துன் பாத்திமா பெற்ற மகன் அலாவுதீன்தான் ஜோகூர் சுல்தானகத்தைத் தொடங்கியவர். வெட்டுப்பட்ட மந்திரியின் பேரன் ஜோகூரின் முதல் சுல்தான். இப்படி ஒரு திருப்பத்தைப் பையனின் விளையாட்டில் நான் பார்க்கவில்லை.

மலாக்காவில் இன்னொரு தமிழ் வணிகர் நினா சாத்து. போர்த்துகீசியக் கைதிகளுக்கு உதவியதற்காக, அல்புகெர்க் அவரை முஸ்லிமல்லாதாரின் பெண்டஹாரா ஆக்கினார். 1514இல் பதவியைப் பிடுங்கிக் கம்பார் மன்னருக்குக் கொடுத்தார்கள். நினா சாத்து வாசனைக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி, அதில் தானே இறங்கினார். பதவி போனவர் பேசாமல் மறைந்துவிடுவார் என்பதெல்லாம் திரையில்தான்.

வள்ளுவர் அமைச்சியல் என்று பத்து அதிகாரம் வைத்தார். ஆளைத் தேர்வதற்கும் வேலை கொடுப்பதற்கும் வேறு அதிகாரங்கள் உண்டு. நீக்குவதற்கென்று தனியாக ஓர் அதிகாரம் இல்லை. சிக்கல் தெரிந்துதான் விட்டாரோ என்னவோ.

ஜோகூருக்கே திரும்புவோம். 19ஆம் நூற்றாண்டில் ஜோகூரை ஆண்ட அபு பக்கார் இந்த விளையாட்டை நன்றாக ஆடினார். அவர் வருமானம் காம்பியரும் மிளகும். ஆற்றுக்கு ஒரு கங்சு என்று சீனத் தலைவர்களுக்குக் கடிதம் கொடுத்து, காட்டை அவர்கள் செலவிலேயே திருத்த வைத்தார். மந்திரிகளோ அவர் படியில் இருந்தவர்கள்: ஜாஃபர் முஹம்மத், அப்துல் ரஹ்மான் அண்டாக். மற்ற மலாய் மாநிலங்கள் சிலவற்றில் பிரிட்டிஷ் ரெசிடெண்டுகள் உட்கார்ந்துவிட்ட காலத்தில், இவர் 1885 ஒப்பந்தத்தில் அதைத் தவிர்த்தார். அடுத்த ஆண்டு லண்டனிலேயே தனக்கென்று ஓர் ஆலோசனைக் குழுவை வைத்துக்கொண்டார். சிங்கப்பூர் கவர்னரைத் தாண்டி நேரே லண்டனில் பேச ஒரு வாசல் அது. 1895இல் ஜோகூருக்கு எழுத்தில் ஓர் அரசியல் சட்டம் வந்தது. மலாய் நாடுகளில் அதுதான் முதல்.

அப்பா போனபின் ஆட்டம் மாறியது. மகன் இப்ராஹிம் காலத்தில், 1909இல், பிரிட்டிஷார் நெருக்கி அப்துல் ரஹ்மான் அண்டாக்கை ஓய்வுக்கு அனுப்பினார்கள். சுல்தானின் மந்திரியை அடுத்த நாட்டுக்காரன் நீக்கினான். மறு ஆண்டு டக்ளஸ் கேம்பெல் பொது ஆலோசகராக வந்தார். 1914 மே மாதம் எழுதிய ஒப்பந்தப்படி, மலாய் மதமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுல்தான் அவரிடம் ஆலோசனை கேட்க வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும். சம்பளம் ஜோகூர் கருவூலத்திலிருந்து, உத்தரவு சிங்கப்பூரிலிருந்து. விளையாட்டின் வரவு செலவுப் பக்கத்தில் இது ஒழுங்காகத்தான் தெரியும்: ஒரு நாற்காலி, ஒரு சம்பளம், மாதாமாதம் கழிவு. நீக்கும் பொத்தான் மட்டும் வேறொருவர் திரையில்.

பால்மரத் தோட்டங்களில் நம் தாத்தாக்கள் நீக்க முடியாத ஆளைச் சின்ன அளவில் பார்த்தவர்கள். கங்காணிக்குத் தலைக்காசு. இத்தனை பேர் வேலைக்கு இறங்கினால் இவ்வளவு என்று துரை கொடுப்பார். ஆள் அவன் ஊர்க்காரர்கள், அவனே கூட்டிவந்தவர்கள். கங்காணியை நிறுத்தினால் அவனோடு பாதி லயம் கிளம்பிவிடும் என்று துரைக்குத் தெரியும், கங்காணிக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அதே நிறுவனத்தின் இன்னொரு விளையாட்டு இருக்கிறதாம், குருசேடர் கிங்ஸ் மூன்று, 2020இல் வந்தது. அதில் ஐந்து மந்திரிகள். அவர்களுக்குக் குடும்பம் உண்டு, பகை உண்டு. பலமான சிற்றரசனுக்கு நாற்காலி கொடுக்காவிட்டால் முறைப்பான். கொடுத்துப் பிடுங்கினால் இன்னும் முறைப்பான். "அப்படியென்றால் அதை விளையாடேன்" என்றேன். வாங்கி விளையாடிப் பார்த்து விட்டுவிட்டானாம்.

"அதுல நிம்மதியா ஆளவே விட மாட்டேங்கறாங்க மாமா" என்று சொல்லிவிட்டு, மலாக்காவுக்கு ஒரு முதல் தர வணிகரைத் தேட ஆரம்பித்தான்.