அழுகும் பழமும் அடுப்படி மிக்ஸியும்



கோடைக் காலம் வந்துவிட்டால் நமது மளிகைக் கடைகளின் முகமே மாறிவிடுகிறது. அரிசி மூட்டைக்கும் பருப்புச் சாக்குக்கும் இருந்த முன்வரிசை இடத்தைக் குளிர்பானப் பாட்டில்கள் பிடித்துக்கொள்கின்றன. கம்பெனி கொடுத்த கண்ணாடிக் கதவுப் பெட்டிக்குள் அவை சில்லென்று அணிவகுத்து நிற்க, வாசலில் கயிற்றில் தொங்கும் வாழைத்தார் வெயிலில் கறுத்துக்கொண்டிருக்கிறது. மாலையில் பாட்டில் காசாகிறது. பழம் குப்பைக்குப் போகிறது. இந்தக் கணக்கில் எங்கோ தவறு இருக்கிறது என்பதே நாம் இங்கே சொல்ல வருவது.

இதை எங்களுக்கு உணர்த்தியவர் ஒரு வாடிக்கையாளர். வெம்பக்கோட்டையில் உள்ள எங்கள் மொத்தக் கடையின் முன்புறத்தில் கொஞ்சம் சில்லறை வியாபாரமும் உண்டு. போன கோடையில் ஒரு நாள் மாலை, பட்டாசு ஆலை வேலை முடிந்து வந்த ஒரு பெண்மணி, பிள்ளைகளுக்காக 10 ரூபாய் மாம்பழப் பானம் இரண்டு வாங்கினார். அந்த நேரத்தில் எங்கள் பையன் புள்ளி விழுந்த வாழைப்பழங்களைக் கூடையோடு குப்பைக்குத் தூக்கிக்கொண்டு போனான். அவர் மறித்து, “எதுக்கு அண்ணாச்சி கொட்டுறீக? அதக் குடுத்தா நான் மிக்ஸில அடிச்சுப் பிள்ளைகளுக்குக் குடுப்பேன்ல?” என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. 40 ஆண்டுக்கும் மேலாகத் தராசு பிடித்த நமக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றாமல் போயிற்றே என்று அன்று இரவு உறக்கம் வரவில்லை.

அவர் கேட்டதைத்தான் பட்டணத்தில் ‘ஸ்மூத்தி’ என்று பெயரிட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். பழத்தைச் சாறு பிழிந்து வடிகட்டாமல், சக்கையோடு தயிரோ பாலோ சேர்த்துக் கெட்டியாக அடித்துக் குடிப்பதுதான் அது. பெயர் புதிது. பொருள் நமக்குப் புதிதல்ல. பழநிப் பஞ்சாமிர்தம் என்பது என்ன? விருப்பாச்சி வாழைப்பழத்தைச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காயோடு பிசைந்ததுதானே! அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பதநீரில் நுங்கைப் போட்டுக் குடித்து வளர்ந்த நமக்குப் பழத்தைக் குடிக்க யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

முன்பு வீட்டில் இதைச் செய்ய வசதி இருந்ததில்லை. இன்று அப்படிச் சொல்ல முடியாது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கிய பிறகு, குடிசை வீட்டு அடுப்படிக்கும் மிக்ஸி போய்ச் சேர்ந்துவிட்டது. சட்னிக்கு ஓடும் அந்த மிக்ஸி பழத்துக்கும் ஓடும். அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை. அந்த ஆளாக மளிகைக் கடைக்காரர் ஏன் இருக்கக் கூடாது?

குளிர்பானத்தைப் பழிப்பது நமது நோக்கமல்ல. நமது மாவட்டமே இந்தத் தொழிலுக்கு ஒரு தாய்வீடு. காளிமார்க் நிறுவனம் 1916-இல் விருதுநகரில்தான் பிறந்தது. அவர்களது பொவாண்டோவைக் குடிக்காமல் இந்தப் பக்கத்தில் ஒரு கல்யாண வீடு முடிந்ததில்லை. ஆனால் விருந்துக்கு ஒரு நாள் குடித்த காலம் வேறு, பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை தினந்தோறும் குடிக்கும் காலம் வேறு. சாதாரணக் கோலா பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. கால் லிட்டர் குடித்தால் சுமார் 25 கிராம். வளர்ந்த மனிதரே ஒரு நாளில் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு. சரி, பழப் பானம் வாங்கிக் கொடுக்கலாமே என்றால், அதில் 100 பங்குக்கு 10 பங்கு பழச்சாறு இருந்தாலே சட்டப்படி போதும். எலுமிச்சைக்கு 5 பங்கே போதும். மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும்தான். படத்தில் இருக்கிற மாம்பழத்துக்கும் உள்ளே இருக்கிற மாம்பழத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை லேபிளின் பின்புறத்துப் பொடி எழுத்தைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம். அடர்சாற்றில் தண்ணீர் ஊற்றித் தயாரித்ததை ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட வேண்டியிருந்தது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு வெளியானதையும் நாம் மறந்துவிடலாகாது. அந்தப் 10 கோடியில் நமது வாடிக்கையாளர்களும் உண்டு, நாமும் உண்டு.

இங்கே நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, மார்ச் 1 முதல் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று நமது வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் பேரவையும் அறிவித்தன. தாமிரபரணித் தண்ணீரைப் பற்றிய கோபமும் அப்போது சேர்ந்திருந்தது. தமிழகமே நம்மைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் எங்கள் பகுதியில் நடந்தது என்ன? சில மாதங்கள் போயின. வாடிக்கையாளர் கேட்டார், அடுத்த கடைக்காரர் கொடுத்தார், நாமும் இறக்கினோம். எங்கள் கிடங்கும் அதற்கு விலக்கல்ல. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். ‘இல்லை’ என்று மட்டும் சொல்லி, அதற்கு மாற்றாக ஒன்றைக் கையில் கொடுக்காத குறைதான் அது என்று இப்போது தோன்றுகிறது. தாகத்தோடு வருகிறவரிடம் கொள்கையைக் கொடுத்து அனுப்ப முடியாது.

அந்த மாற்று நமது கடையிலேயே தொங்குகிறது. அதில் லாபம் உண்டா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். பாட்டிலுக்குக் கம்பெனி பெட்டி தருகிறது, ஸ்கீம் தருகிறது, தேதி போனால் சில இடங்களில் மாற்றியும் தருகிறது. அழுகின வாழைப்பழத்தை யார் திரும்ப எடுப்பார்? சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,000 ரூபாய்க்குப் பழம் வாங்கி, எல்லாம் விற்றால் 1,300 ரூபாய் வரும்படி விலை வைக்கிறோம். ஐந்தில் ஒரு பங்கு கனிந்து தேங்கிவிடுகிறது. வந்தது 1,040. லாபம் வெறும் 40. அந்த ஐந்தில் ஒரு பங்கைக் குப்பைக்கு அனுப்பாமல், தனிக் கூடையில் ‘மிக்ஸிப் பழம் – பாதி விலை’ என்று எழுதி வைத்து விற்றால் 130 ரூபாய் சேர்கிறது. லாபம் 170 ஆகிவிடுகிறது. ஒரு பைசா கூடுதல் முதலீடு இல்லை, ஓர் அட்டையும் ஒரு கூடையும்தான் செலவு. அதோடு புதுப் பழத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. சோடா வகைப் பானங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம்.

மேலும், பழம் வாங்க வருகிறவர் பழத்தோடு போவதில்லை. தயிர், ஏலக்காய், பேரீச்சம்பழம், கருப்பட்டி, எலுமிச்சை என்று நமது சரக்கில் இன்னும் நாலு கை நீளும். பாட்டில் வாங்க வருகிறவர் பாட்டிலோடு போய்விடுகிறார்.

ஒரு எச்சரிக்கை. கனிந்த பழம் வேறு, கெட்ட பழம் வேறு. தோலில் புள்ளி விழுந்த வாழைப்பழத்தில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும். தின்பதற்குக் குழைவாகத் தோன்றினாலும் அடிப்பதற்கு அதுவே உத்தமம். ஆனால் பூஞ்சை பூத்தது, புளித்த வாடை அடிப்பது, நீர் ஒழுகுவது எதையும் அந்தக் கூடையில் வைக்கக் கூடாது. அதை மாட்டுக்கோ உரக்குழிக்கோ அனுப்புவதே நியாயம். அதேபோல், கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழத்தை விற்பது 2011-இன் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம். எத்திலீன் வாயுவை அனுமதித்த அளவில் பயன்படுத்தலாம். குழந்தை குடிக்கும் பொருள் என்று சொல்லி விற்கும்போது நமது பொறுப்பும் இரட்டிப்பாகிறது.

இனி, கேட்கிற தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டிய பக்குவம். நாலு பேருக்கு நன்கு கனிந்த நாட்டுப்பழம் நாலு, தோல் சீவிய மாம்பழம் ஒன்று, கெட்டித் தயிர் ஒரு தம்ளர், தண்ணீர் அரைத் தம்ளர், ஏலக்காய் ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. முதலில் தயிரையும் தண்ணீரையும் ஊற்றிவிட்டுப் பிறகு பழத்துண்டுகளைப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் கத்தி சுற்றாமல் மோட்டார் சூடேறும். விட்டுவிட்டு ஓட்டி, மொத்தம் ஒரு நிமிடம் அடித்தால் போதும். வடிகட்ட வேண்டாம், சத்தே அந்தச் சக்கையில்தான் இருக்கிறது. வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தால் பழத்தை உரித்து நறுக்கி முதல் நாளே உறைய வைத்துக்கொள்ளலாம். கடையில் ஐஸ் வாங்கிப் போடும் வேலையும் இல்லை, அந்த ஐஸ் எந்தத் தண்ணீரோ என்ற பயமும் இல்லை.

நமது ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் வருகிற மாதங்களில் சர்க்கரை சேர்க்கவே தேவையிருக்காது. மாம்பழம் இல்லாத மாதங்களில் கொய்யா, சப்போட்டா, பப்பாளி என்று கிடைப்பதை வைத்துச் செய்யலாம். பப்பாளியையும் அன்னாசியையும் மட்டும் பாலோடு சேர்க்க வேண்டாம் என்று அவசியம் சொல்ல வேண்டும். அவற்றிலுள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைப்பதால் சற்று நேரத்தில் கசப்பு ஏறிவிடும். வாடிக்கையாளர் நமது பழத்தைத்தான் குறை சொல்வார். பப்பாளிக்குத் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் வாழைப்பழமும் பொருத்தமானவை. எதை அடித்தாலும் உடனே குடித்துவிட வேண்டும். இதுவும் இனிப்புத்தான், ஆகவே நீரிழிவுக்காரர்கள் மருத்துவரைக் கேட்டு அளவோடு குடிப்பதே நல்லது. எல்லோருக்கும் மருந்து என்று நாம் சொல்லி விற்கக் கூடாது.

எங்கள் கடையில் அந்தக் கூடையை வைத்து ஓராண்டு ஆகிறது. எல்லா நாளும் காலியாகிறது என்று பொய் சொல்ல மாட்டோம். மழை நாளில் தேங்கத்தான் செய்கிறது. பாட்டில் விற்பனையும் நின்றுவிடவில்லை. ஆனால் குப்பைக்குப் போகும் பழம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. அன்று கேள்வி கேட்ட பெண்மணி இப்போது வாரம் மூன்று நாள் வருகிறார். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வருகிறார்.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மே 5 வணிகர் தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்குவதோடு, ஒரு மிக்ஸியையும் ஒரு தார் பழத்தையும் மேடைக்கருகே வைத்து, வருகிற குழந்தைகளுக்கு ஆளுக்கொரு தம்ளர் கொடுப்போம். செய்முறையைத் துண்டுத்தாளில் அச்சிட்டு உறுப்பினர் கடைகளுக்கு அனுப்புவோம். அச்சுக்குப் பெயர்போன சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது, செலவு பெரிதாகாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் கடை வாசலில் ஒரு கூடையை மட்டும் வைத்தால் போதும்.

தேதி போன சரக்கைத் திருப்பி அனுப்ப நமக்குத் தெரியும். கனிந்த சரக்கைக் காசாக்கவும் தெரிந்துகொள்வோம். அதில் நமக்கும் லாபம், நம்மை அண்ணாச்சி என்று அழைக்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் லாபம்.