விழுந்த மரத்துக்கு யார் பொறுப்பு?

புயலோ சூறாவளியோ கடந்து சென்ற மறுநாள் எமது பத்திரிகைகளில் வெளியாகும் செய்திக்கு ஒரு நிரந்தர வடிவம் உண்டு. பலத்த காற்றினால் மரங்கள் முறிந்து வீழ்ந்தன, வீடுகள் சேதமடைந்தன, போக்குவரத்து பாதிக்கப்பட்டது. இந்த மூன்று வரிகளை நாற்பது வருடங்களுக்கு மேலாக எத்தனை மாவட்டங்களின் பெயர்களுடன் சேர்த்து எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. வீதிக்குக் குறுக்கே வீழ்ந்த மரம் பெரும்பாலும் விரைவில் அகற்றப்பட்டுவிடும். பொலிஸார் வருவர், படையினர் வருவர், சிலவேளைகளில் அரசியல்வாதியும் புகைப்படக்காரருடன் வந்து சேர்வார். ஆனால், ஒரு குடும்பத்தின் கூரைமீது வீழ்ந்த மரம் என்னவாயிற்று? அது எந்தச் செய்தியிலும் வருவதில்லை. ஏனென்றால், அது எந்த அலுவலகத்தினதும் வேலை அல்ல.

2025 நவம்பர் 28ஆம் திகதி இலங்கையைத் தாக்கிய 'டித்வா' சூறாவளி 600க்கும் அதிகமானோரின் உயிர்களைப் பறித்தது. மலையகத்தின் மண்சரிவுகளும் ஆற்று வெள்ளங்களுமே பெரும் அழிவுக்குக் காரணம். நாட்டின் கவனம் அங்கே குவிந்தமை முற்றிலும் நியாயமானது. ஆனால், 25 மாவட்டங்களையும் பாதித்த அந்த அனர்த்தத்தில் மண்ணுக்குள் புதையாத, வெள்ளம் அடித்துச் செல்லாத வீடுகளிலும் ஒரு துயரம் இருந்தது. தலைக்கு மேலே சாய்ந்து நின்ற மரத்தின் கீழ் மக்கள் நாட்கணக்கில் உறங்கினார்கள்.

அவர்களில் நானும் ஒருவன். கொழும்பின் புறநகரில் உள்ள எமது சிறிய வளவின் பின்புறத்தில் நின்ற பலாமரம் அந்த மழையில் பாதி வேருடன் பெயர்ந்து, சமையலறைக் கூரையின்மேல் சாய்ந்துகொண்டது. உள்ளூராட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். தனியார் காணிக்குள் தாங்கள் வருவதில்லை என்றார்கள். மின்சார அலுவலகத்தில், கம்பியில் மரம் பட்டிருந்தால் இணைப்பைத் துண்டிக்கலாம், மரத்தைத் தொடமாட்டோம் என்றார்கள். அனர்த்த உதவிக்கான இலக்கத்தில் பேசியவர் மிகுந்த மரியாதையுடன் விபரங்களைப் பதிவுசெய்துகொண்டார். அத்துடன் அது முடிந்தது. இறுதியாக ஓர் உத்தியோகத்தர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "ஐயா, பலா என்றபடியால் வெட்டுவதற்கு அனுமதி எடுக்க வேண்டும். விண்ணப்பத்தைக் கொண்டுவாருங்கள், வந்து பார்க்கிறோம்." மரம் விழுந்துகொண்டிருக்கிறது, விண்ணப்பம் நின்றுகொண்டிருக்கிறது!

அந்த உத்தியோகத்தர் சட்டத்தைத்தான் சொன்னார். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதிப்பத்திரம் இன்றி வெட்டுவதைத் தடைசெய்கின்றது. நல்ல நோக்கம் கொண்ட சட்டம் அது. பலாவைச் சிங்கள மக்கள் சோற்று மரம் என்று அழைப்பது சும்மா அல்ல. பஞ்ச காலங்களில் ஏழைகளின் உலையை நிரப்பியது அந்த மரந்தான். பனை வடக்கு மக்களுக்கு என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால், யுத்த காலத்தில் காவலரண்களுக்காகவும் பதுங்குகுழிகளுக்காகவும் பனைகள் கூட்டங்கூட்டமாகத் தறிக்கப்பட்டபோது, இந்தச் சட்டப் புத்தகத்தை யார் திறந்து பார்த்தார்கள்? சட்டம் கூரையின் கீழ் நடுங்கிக்கொண்டிருக்கும் குடிமகனிடம் மாத்திரம் கண்டிப்பாக நடந்துகொள்கிறது.

ஆபத்தான மரங்களைப் பற்றிச் சட்டம் எதுவுமே சொல்லவில்லை என்றும் கூற முடியாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், விழுந்து அயலவருக்கோ வழிப்போக்கருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய மரத்தை அகற்றுமாறு காணிக்காரருக்கு நீதிவான் கட்டளையிடலாம். ஆனால், அது முறைப்பாடு, அறிவித்தல், தவணை என்று நடக்கும் பாதை. அயலவர்கள் இருவர் வேலிக்காகச் சண்டைபிடிக்கும்போது உதவலாம். காற்று அடித்து ஓய்ந்த இரவில் அது யாருக்கு உதவும்?

இந்த வெற்றிடத்தில்தான் கூலித் தொழிலாளி ஒருவர் கயிற்றுடனும் இயந்திர வாளுடனும் ஏறுகிறார். எனது வீட்டுக்கு வந்தவர்கள் மூன்றாம் நாள் வந்தார்கள், அறுபதாயிரம் ரூபா கேட்டார்கள். அதை நான் குறைகூறவில்லை. அவர்களிடம் தலைக்கவசம் இல்லை, இடுப்புப் பட்டி இல்லை, காப்புறுதி இல்லை. விழுந்த மரத்தை அரிவது நிற்கும் மரத்தைத் தறிப்பதைவிட ஆபத்தானது. வளைந்து அழுத்தப்பட்டுக் கிடக்கும் தண்டின் ஒரு பக்கம் இழுபட்ட நிலையிலும் மறுபக்கம் நெரிபட்ட நிலையிலும் இருக்கும். நெரிபட்ட பக்கத்தில் வாளை வைத்தால் வாள் இறுகிக்கொள்ளும். இழுபட்ட பக்கத்தில் ஆழமாக அறுத்தால் மரம் பிளந்து அறுப்பவரையே அடிக்கும். தண்டை அறுத்ததும் பெயர்ந்த வேர்த்திரள் மீண்டும் குழிக்குள் நிமிர்ந்து விழக்கூடும். அந்தக் குழியருகே வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அறுந்து கிடக்கும் மின்கம்பி, மின்சாரம் இல்லாத ஊரிலும் உயிருடன் இருக்கலாம். அயல்வீட்டு மின்பிறப்பாக்கி தவறாக இணைக்கப்பட்டிருந்தால் போதும். இவை பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலைகள். நாமோ அன்றாடக் கூலியை நம்பியிருப்பவரின் உயிரைப் பணயம் வைக்கிறோம்.

மரம் விழுவதற்குக் காற்று மாத்திரம் காரணமும் அல்ல. வீதியை அகலமாக்கும்போதும் வடிகான் வெட்டும்போதும் ஒரு பக்கத்து வேர்களை அறுத்தவர்கள் யார்? அடிமரத்தைச் சுற்றிக் கொங்கிறீற்றுப் போட்டவர்கள் யார்? மின்கம்பி செல்லும் பக்கத்துக் கிளைகளை மாத்திரம் வெட்டி, மரத்தின் முழுப் பாரத்தையும் வீட்டுப் பக்கம் சரித்துவிட்டவர்கள் யார்? 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்மீது பெருமரம் சாய்ந்து ஐந்து பேர் உயிரிழந்தனர். தலைநகரின் பிரதான வீதியில் நிகழ்ந்ததால் நாடு அதிர்ந்தது. அதே மரம் ஒரு வீட்டு வளவுக்குள் சாய்ந்திருந்தால் அது உள்பக்கச் செய்தியாக ஒடுங்கியிருக்கும்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் வளவுகளில் கவனிப்பாரற்று வளர்ந்த மரங்கள் பக்கத்து வீட்டுக் கூரைகளை நோக்கிச் சரிந்து நிற்கின்றன. உரிமையாளர் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிறார். ஒப்பமிட எவரும் இல்லை. பெற்றோர் மாத்திரம் தனித்திருக்கும் வீடுகளுக்கு நீங்கள் பணம் அனுப்பலாம். ஏணி பிடிக்கும் ஆளை அனுப்ப முடியுமா? காணி உங்களுடையது என்றால் மரமும் உங்களுடையதே. ஊரில் ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து வையுங்கள்.

தனியார் காணிக்குப் பொதுப்பணம் எதற்கு என்று கேட்பார்கள். கேட்கத்தக்க கேள்விதான். எனது பதில் எளிமையானது: என் காணியில் நிற்கும் மரத்தை நான் வெட்டக்கூடாது என்று சொல்லும் உரிமை அரசுக்கு உண்டு என்றால், அது என்மேல் விழப்போகும்போது வந்து நிற்கும் கடமையும் அதற்கு உண்டு. வசதியுள்ளவரிடம் கட்டணம் அறவிடட்டும். விதவைத் தாயிடமும் முதியவரிடமும் அறவிடாதிருக்கட்டும்.

ஆகவே கண்ட மரத்தையெல்லாம் தறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு அனர்த்தத்தின் பின்னரும் கோடரிக்கும் மரவியாபாரிக்கும் திருவிழா வருவதை நான் அறிவேன். 1978 நவம்பர் சூறாவளியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்தபின், நிழலின்றி அம்மக்கள் பட்ட வெக்கையை மறக்க முடியாது. மரத்தைக் காப்பதற்கும் மனிதரைக் காப்பதற்கும் ஒரே வழிதான்: முன்கூட்டிப் பார்ப்பது.

வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் ஒவ்வொரு உள்ளூராட்சி சபையும் வீடுகளுக்கு அச்சுறுத்தலான மரங்களைப் பார்வையிட்டுப் பட்டியலிட வேண்டும். பயிற்சியும் கருவிகளும் காப்புறுதியும் உள்ள ஒரு மரக்குழு ஒவ்வொரு சபையிலும் இருக்க வேண்டும். ஆபத்து வேளையில் கிராம உத்தியோகத்தர் நேரில் பார்த்து அன்றே அனுமதி வழங்கவும், பத்திரங்களைப் பின்னர் நிரப்பவும் சட்டம் திருத்தப்பட வேண்டும். இவற்றுக்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. நிபுணர் குழு தேவையில்லை. அடுத்த ஒக்டோபர் வருவதற்கு முன்னர் ஒரு சபையாவது இதைச் செய்துகாட்டட்டும். வாக்குக் கேட்டு எமது வளவுக்குள் வருபவர்களுக்குப் படலையைத் திறக்கத் தெரிகிறது. மரம் சாய்ந்த அன்றும் அதே படலைதான் அங்கே இருக்கிறது.