ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!



முன்பெல்லாம் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்தால் பால் மரம் வெட்டப் போவார்கள். இல்லையேல் பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறுவார்கள். இன்று கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் பக்கம் போய்ப் பாருங்கள். கூரைமேல் ஏணி கட்டிய வேன் ஒன்று நிற்கும். தோளில் வயர்ச் சுருளும் கையில் டிரில்லுமாக நம் பிள்ளைகள் இருவர் இறங்குவார்கள். கடைக்கும் வீட்டுக்கும் சிசிடிவி கேமரா பொருத்துவது அவர்கள் தொழில். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நகைக்கடை, துணிக்கடை, மளிகைக்கடை எதில் நுழைந்தாலும் தலைக்கு மேலே ஒரு கண் நம்மைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது!

சொந்தக் கையால் பிழைக்கும் பிள்ளைகளைக் கண்டால் ஓர் ஆசிரியருக்கு மகிழ்ச்சி வராமல் இருக்குமா? ஆனால் அவர்களில் சிலரோடு உட்கார்ந்து பேசினால் அந்த மகிழ்ச்சி பாதியாகக் குறைந்து விடுகிறது. தொழில் தெரிந்திருக்கிறது, கணக்குத்தான் தெரியவில்லை.

என்னிடம் படித்த தம்பி ஒருவர் தம் பில் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். "ஐயா, மாசம் பத்து எடத்துல வேலை செய்றேன். ஆனா வேன் தவணை கட்டறதுக்கு வீட்டுல அவளோட சங்கிலிய அடகு வைக்க வேண்டியிருக்கு. காசு எங்க போகுதுன்னே தெரியல" என்றார். புத்தகத்தைப் புரட்டினேன். "4 கேமரா, மொத்தம் 1,300 வெள்ளி" என்று ஒரே வரி. அவ்வளவுதான் பில்!

இந்த 1,300 வெள்ளி எப்படி வந்தது? சாமான் வாங்கிய விலை 1,000 வெள்ளி. அதன்மேல் 30 விழுக்காடு ஏற்றினாராம். "எனக்கு முப்பது விழுக்காடு இலாபம்" என்று நினைத்துக்கொண்டார். ஆனால் 1,300 வெள்ளியில் 300 வெள்ளி என்பது 23 விழுக்காடுதான். விற்கும் விலையில் 30 விழுக்காடு நிற்க வேண்டுமானால் ஆயிரத்தை 0.7 ஆல் வகுக்க வேண்டும். 1,428 வெள்ளிக்கு மேல் வரும். ஆரம்பப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்கும் விழுக்காட்டுக் கணக்குத்தான் இது.

அத்துடன் போயிற்றா? கடைக்காரர் "கொஞ்சம் பார்த்துப் போடு தம்பி" என்றதும் பத்து விழுக்காடு தள்ளுபடி. 130 வெள்ளி போய்விட்டது. மிஞ்சியது 170. விலையில் பத்து விழுக்காடு குறைத்தவர், கைக்கு வரவேண்டிய முந்நூறில் 43 விழுக்காட்டை அல்லவா இழந்து விட்டார்!

அடுத்தது கூலிக் கணக்கு. உதவியாளருக்கு மாதம் 2,200 வெள்ளி சம்பளம். அதை 26 நாளால் வகுத்து, "ஒரு நாளைக்கு 85 வெள்ளி" என்று தம்பி சொன்னார். முதலாளி கட்ட வேண்டிய சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 286 வெள்ளி, என்னவாயிற்று? சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து இன்னும் 42 வெள்ளி. ஆக மொத்தம் 2,528 வெள்ளி. சரி, மாதத்தில் எத்தனை நாள் உண்மையில் கேமரா மாட்டுகிறார்கள்? இடம் பார்க்கப் போகும் நாள், மழை நாள், பழைய வேலையைச் சரிபார்க்க ஓடும் நாள் எல்லாம் போக, 18 நாள்தான் தேறும் என்று அவரே எண்ணிச் சொன்னார். 2,528 ஐ 18 ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 140 வெள்ளி! முதலாளி தாமும் ஏணி ஏறுகிறவர்தானே? அவருக்கும் அதே கூலி வேண்டும். இருவருக்கு 280. கையில் நின்றதோ 170. பெட்ரோலும் டோலும் சேர்க்கும் முன்னே 110 வெள்ளி நட்டம். சங்கிலி அடகுக்கடைக்குப் போன வழி இதுதான்!

முறையாகப் போட்டால் எப்படி இருக்கும்? சாமான் 1,000, இருவர் கூலி 280, பெட்ரோல், டோல், வேன் தேய்மானம் என 60. அடக்கம் 1,340 வெள்ளி. விற்கும் விலையில் 15 விழுக்காடு நிற்பதற்கு 0.85 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,577 வெள்ளி வருகிறது. "இவ்வளவு சொன்னால் வேறு ஆளைப் பார்ப்பார்களே ஐயா?" என்று கேட்டார் தம்பி. பார்க்கட்டும். விலையைக் குறைக்கச் சொன்னால் வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். நான்கு கேமராவுக்குப் பதில் மூன்று என்று சொல்லுங்கள். உங்கள் கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

விலைக்கடிதம் எழுதும்போது ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள்: கேமரா எத்தனை, பதிவுக் கருவி எது, வயர் எத்தனை மீட்டர், கூலி எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை மாதம், இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும். ஹார்ட் டிஸ்க் அளவை மறக்கவே வேண்டாம். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் நாளொன்றுக்கு 21.6 கிகாபைட் நிரம்பும். நான்கு கேமராவுக்கு 86.4. ஒரு டெராபைட் டிஸ்க் பதினொரு நாளில் நிரம்பிவிடும். பிறகு பழைய படத்தின்மேல் புதுப் படம் ஏறிவிடும். இரண்டு டெராபைட் என்றால் 23 நாள் தாங்கும். இதை எழுத்தில் சொல்லாமல் விட்டால், இரண்டு வாரம் கழித்துத் திருட்டைக் கண்டுபிடித்த கடைக்காரர், "படம் இல்லை, பாக்கியும் இல்லை" என்பார். அப்போது யாரிடம் போய் முறையிடுவது?

முன்பணம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சாமான் விலைக்கு ஈடான தொகை முன்பணமாகவும், மீதி வேலை முடிந்த அன்றே என்றும் விலைக்கடிதத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கி விடுங்கள். மாமன், மச்சான், கோயில் கமிட்டித் தலைவர் என்று சொந்தமும் பழக்கமும் குறுக்கே வரும். நம் கடைகளில் "கடன் அன்பை முறிக்கும்" என்று பலகை மாட்டியவர்கள் அன்பு இல்லாதவர்களா? அன்பு முறியக் கூடாது என்பதற்காகத்தானே மாட்டினார்கள்! சொந்தத்துக்குக் குறைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், முழு விலையையும் எழுதி, கீழே "உறவுக் கழிவு" என்று ஒரு வரி போடுங்கள். எவ்வளவு விட்டுக் கொடுத்தீர்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியட்டும்.

கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார்கள் கம்ப்யூட்டரைக் கண்டவர்களா? பேரேடும் ஐந்தொகையும் எழுதியே கடல் கடந்த வியாபாரத்தை நடத்தினார்கள். நமக்கோ கைப்பேசியிலேயே கணக்கு வந்துவிட்டது. பில்லுக்கு வரிசை எண் போடுங்கள். வருமான வரிச் சட்டப்படி ஏடுகளை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டு 1 இல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கியது. பெரிய கம்பெனிக்கு வேலை செய்யும் சிறு தொழிலாளியிடமும் வரி எண்ணைக் கேட்கிறார்கள். சேவை வரியைப் பற்றியும் ஒரு சொல். 2024 மார்ச் 1 முதல் பெரும்பாலான சேவைகளுக்கு அது 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆக உயர்ந்தது. ஆனால் அந்த வரிக்குப் பதிவு பெறாதவர் அதைப் பில்லில் போட்டு வசூலிக்கக் கூடாது.

பணம் வராமலே போனால்? 5,000 வெள்ளிக்கு மேற்படாத பாக்கிக்குத் தனி மனிதர் ஒருவர் வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை மனுப் போடலாம். ஒப்பந்தப் பாக்கிக்கு ஆறு ஆண்டுக் கெடு உண்டு. ஆனால் கையில் தாள் வேண்டும்; வாய்ப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

வீட்டுக்குக் கேமரா மாட்டும் தாய்மார்களே, உங்களுக்கும் இது பொருந்தும். ஒரே வரி பில்லை வாங்காதீர்கள். விவரமான பில் இருந்தால்தான், வேலை கெட்டுப்போகும்போது 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த நடுவர் மன்றத்தை ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் நாடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். கொடுக்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. எவ்வளவு கொடுத்தோம் என்று தெரிந்து கொடு என்றார்கள். ஊரார் கடையைக் காக்கக் கண் பொருத்தும் பிள்ளைகள், தங்கள் பில் புத்தகத்தின்மேலும் ஒரு கண் வைக்கட்டும். அடகுக்கடைக்குப் போன சங்கிலிகள் வீடு திரும்பட்டும்!