இறகு மெத்தையும் மோட்டார் சைக்கிளும்

மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கும்பொழுது நாம் முதலில் வினவுவது யாது? அதன் வேகமும், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு அது ஓடக்கூடிய தூரமுமே. சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையே நின்று, வீதியின் பள்ளமும் மேடும் தரும் அடியைத் தாங்குகின்ற விற்சுருள்களையும் சொக் அப்சோபர்களையும் பற்றி வினவுவார் மிகச் சிலரே. இடுப்பு நோகத் தொடங்கிய பின்னரே பலருக்கு அவற்றின் நினைவு வருகின்றது. அப்பொழுதும் அவை சொகுசுக்கான உறுப்புகள் என்றே எண்ணுகின்றனர்.

அவ்வெண்ணம் பிழையானது. மோட்டார் சைக்கிள் வீதியைத் தொடுவது இரண்டு ரயர்களின் அடியில் உள்ளங்கையளவு இடத்தினால் மாத்திரமே. திரும்புவதும் நிற்பதும் அவ்விரு சிறு இடங்களின் பிடிப்பைப் பொறுத்தவை. சில்லு ஒரு மேட்டிற் பட்டுத் துள்ளி, நிலத்தை விட்டு எழும் கணத்தில் பிரேக் எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை. காற்றிலே சுழலும் சில்லைப் பிடித்து வண்டியை நிறுத்துவது எங்ஙனம்? ஆகவே, சில்லை வீதியோடு ஒட்டி ஓடச் செய்வதே இவ்வுறுப்புகளின் முதற் கடமை. சொகுசு அதனோடு கூட வரும் நன்மையாகும்.

இவ்வுண்மையை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர்களுள் வட அயர்லாந்தின் மக்கண்ட்லெஸ் சகோதரர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிற் பின்சில்லு, வில் எதுவுமின்றிச் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. ரெக்ஸ் மக்கண்ட்லெஸ் 1944ஆம் ஆண்டளவில் தம் வண்டியின் பின்சில்லை மேலும் கீழும் அசையும் ஒரு கையிற் பொருத்தி, இருபுறமும் எண்ணெய் நிரம்பிய தணிப்பான்களை நிறுத்தினார். பின்னர், இறுகிய சட்டமுள்ள பழைய வண்டிகளையும் இம்முறைக்கு மாற்றுதற்கு வேண்டிய உறுப்புத் தொகுதிகளைச் சகோதரர்கள் விற்பனை செய்தனர். இன்று நம் இளைஞர்கள் விரும்பும் ‘மேம்படுத்தல்’ அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

நோர்ட்டன் கம்பனி அவர்கள் வகுத்த புதிய சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதனை ஓட்டிய ஹரோல்ட் டானியல் என்னும் பந்தய வீரர், இறகு மெத்தையில் அமர்ந்தது போலிருக்கிறதென்று வியந்தார். அதுவே அச்சட்டத்தின் பெயராயிற்று. 1950ஆம் ஆண்டு மான் தீவிலே, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர் நீளமுள்ள மலைப்பாதையில் நடந்த சீனியர், ஜூனியர் பந்தயங்கள் இரண்டிலும் முதல் மூன்று இடங்களையும் நோர்ட்டன் வண்டிகளே பெற்றன. சீனியர் பந்தயத்தில் ஜெப் டியூக்கும், ஜூனியர் பந்தயத்தில் ஆர்ட்டி பெல்லும் முதலிடம் பெற்றனர். இயந்திரத்தின் வலிமையால் மட்டும் வந்த வெற்றியன்று இது. சில்லு வீதியை விட்டகலாமையால் வந்த வெற்றியுமாகும்.

இதன் தத்துவம் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். வில், அடியை வாங்கிச் சுருங்குகின்றது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க விரிகின்றது. வில் மட்டும் இருந்தால் வண்டி பந்துபோலத் துள்ளிக்கொண்டேயிருக்கும். அத்துள்ளலை அடக்குவது எண்ணெய். தணிப்பானுள் இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்களினூடாக நெருக்குண்டு செல்லும்பொழுது, அசைவின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகின்றது. வண்டியின் பின்புறத்தைப் பலமாக அழுத்திக் கையை எடுத்துப் பாருங்கள். ஒரு முறை எழுந்து அமைதியடையுமாயின் நன்று. பலமுறை ஆடுமாயின் தணிப்பான் தன் தொழிலை மறந்துவிட்டது என்பது பொருள்.

மேம்படுத்த விரும்புவோர் பணப்பையைத் திறக்குமுன் செய்யவேண்டியவை சில உள. முதலாவது, ரயரின் காற்றமுக்கத்தைக் கைந்நூலிற் கூறியவாறு வைத்தல். இரண்டாவது, முன்கவரின் எண்ணெயை மாற்றுதல். நாட்பட்ட எண்ணெய் அழுக்கேறித் தன் குணத்தை இழந்துவிடும். மூன்றாவது, தாழ்வை அளத்தல். பின்சில்லை நிலத்திலிருந்து தூக்கி, அச்சாணிக்கும் அதற்கு நேர்மேலே சட்டத்திலுள்ள ஒரு புள்ளிக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்துகொள்க. பின்னர் ஓட்டுபவர் அமர்ந்த நிலையில் மீண்டும் அளக்க. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு, சில்லின் முழு அசைவில் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை இருத்தல் பொதுவாக ஏற்றது. முழு அசைவு 120 மில்லிமீற்றராயின், தாழ்வு 30 முதல் 40 மில்லிமீற்றர்வரை இருக்கலாம்.

தாழ்வு மிகுந்தால், பல வண்டிகளில் வில்லின் அடியிலுள்ள படிவளையத்தைத் திருப்பிச் சரிசெய்யலாம். இங்கே ஒரு மயக்கம் உண்டு. வளையத்தை இறுக்கினால் வில் கடினமாகிவிடும் என்பர். அவ்வாறன்று. ஒரு கிலோகிராம் பாரத்துக்கு ஒரு மில்லிமீற்றர் சுருங்கும் சீரான வில், இறுக்கிய பின்னரும் ஒவ்வொரு மேலதிக கிலோகிராமுக்கும் ஒரு மில்லிமீற்றரே சுருங்கும். உயர்வது அமர்ந்திருக்கும் மட்டம் மாத்திரமே. இறுதிப் படிவரை இறுக்கியும் வண்டி தாழ்ந்தே நின்றால், அப்பொழுதே ஓட்டுபவரின் நிறைக்கேற்ற புதிய வில்லோ சொக் அப்சோபரோ தேவைப்படுகின்றது.

வாங்கும்பொழுது இரண்டு பின்தணிப்பான்களையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி நெளியும். அழகுக்காக நீளங் கூடியதைப் பொருத்துதலும் தகாது. பின்புறம் உயர்ந்தால் முன்கவரின் சாய்வு குறைந்து, கைபிடி நிலையற்றதாகலாம். சங்கிலியின் தளர்வு மாறும். தாங்கியும் எட்டாது போகும். கைந்நூலிற் கண்ட நீளத்தையே கராஜிற் கேட்டு வாங்குக.

தந்தையின் பின்னே பிள்ளை அமர்ந்து பள்ளிக்கூடம் செல்லும் வீடுகள் நம்மிடையே எண்ணில. தனியே ஓட்டுவதற்கு அமைத்த வில், இருவரைச் சுமக்கும்பொழுது அடியோடு அமுங்கிவிடும். அடுத்த பள்ளத்தின் அடியை வாங்க அதற்கு இடமிராது. பின்புறம் தாழ்வதால் முன்விளக்கின் ஒளியும் மேலே எழுந்து, எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். பிள்ளை ஏறுமுன் படிவளையத்தை ஒரு படியோ இரு படியோ உயர்த்துவதற்குச் சில நிமிடங்களே செல்லும். காசு ஒன்றும் செலவில்லை. மினுங்கும் புதிய உறுப்புக்காகப் பணம் சேர்க்கும் இளைஞர்கள், அதற்கு முன்னர் இதனைத் தம் வீட்டு வண்டியிலே செய்து காட்டுவார்களாயின், அந்த வீட்டுத் தாய்மாரின் நெஞ்சிலே ஒரு பாரம் குறையும்.