2002-க்கு முன்னால் பிறந்தது குற்றமா?



எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய், பக்கத்தில் ஊசியோடு ஒரு நர்ஸ். தட்டம்மையையும் ரூபெல்லாவையும் 2026-க்குள் ஒழிப்போம் என்று மத்திய அரசு 2025 ஏப்ரலில் இயக்கம் தொடங்கியதை ஒட்டி வந்த படம் என்று நினைக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாய்க்கு ஊசி போட்டது யார் என்ற கேள்வி எனக்குள் நமைச்சலாக நிற்கிறது. ரூபெல்லா விஷயத்தில் குழந்தைக்குப் போடும் ஊசியே பிற்காலத் தாய்க்காகப் போடுவதுதான்.

குழந்தைக்கு இந்த நோய் வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. லேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கி உடம்பில் இறங்கும் சிவந்த தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டும். மூன்று நாளில் எல்லாம் மறைந்துவிடும். பாதிப் பேருக்கு அதுகூடத் தெரியாது. எங்கள் தேனி மாவட்டப் பள்ளத்தாக்கில் உடம்பில் தடிப்பு கண்டால் மணல்வாரி என்போம், ஆத்தா இறங்கியிருக்கா என்போம். வேப்பிலையைச் செருகிவிட்டு, வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு ஒரு சட்டி நேர்ந்துகொண்டு, அடுத்த வாரமே மறந்துவிடுவோம். அதே வீட்டில் இரண்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தால்தான் ஆபத்து. சளி, தும்மல், இருமல் வழியாகப் பரவும் வைரஸ் இது. தடிப்பு தெரிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பரவும். கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களில் தாய்க்குத் தொற்றினால் பத்தில் எட்டு, ஒன்பது கர்ப்பங்களில் சிசுவைப் பாதிக்கும். கரு கலைந்துபோகலாம். பிழைத்துப் பிறந்தால் கண்புரையோடு, காது கேளாமல், இதயத்தில் குறையோடு, சில பிள்ளைகள் மூளை வளர்ச்சி குன்றிப் பிறக்கும். தாய்க்கோ, தனக்கு என்றைக்கு அம்மை வந்தது என்பதே நினைவிருக்காது.

இது ஏதோ வெளிநாட்டுக் கதை மட்டும் இல்லை. 1941-இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் பிறவிக் கண்புரைக்கும் தாய்க்கு வந்த இந்த அம்மைக்கும் முடிச்சுப் போட்டுக் காட்டினார். நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்து 1996-இல் வெளியான ஆய்வோ, ஒரு வயதுக்கு உட்பட்ட கண்புரைக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குக் காரணம் பிறவி ரூபெல்லா என்றது. அந்த மருத்துவமனையின் கிளை தேனியில் 1985 முதல் இருக்கிறது. கண்ணில் வெள்ளை விழுந்த பச்சைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆண்டிபட்டியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வரும் தாய்மாரை நான் அங்கே பார்த்திருக்கிறேன். "என்ன பாவம் செஞ்சேனோ" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

இனி என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு ஊசி. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது: இந்த ஊசி போட்டால் பிள்ளை பிறக்காதாம். பிறக்கும் பிள்ளை முழுசாகப் பிறக்க வேண்டும் என்பதற்காகப் போடும் ஊசிக்கு இப்படி ஒரு பெயர்! மாநிலம் முழுவதும் பெற்றோர் மறுத்தார்கள். பிப்ரவரி கடைசியில் முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கு நீட்டித்தார்கள். என் வகுப்பில் 'என் மகளுக்கு வேண்டாம்' என்று எழுதி வந்த கடிதங்களை எண்ணி, நூல் கட்டி, தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். ஒரு பெற்றோரையாவது கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. பரீட்சை நேரம், நமக்கு ஏன் வம்பு என்று இருந்துவிட்டேன்.

அந்தக் கடிதக் கட்டில் இருந்த ஒரு பெண் சில மாதங்களுக்கு முன் பத்து வாரக் கர்ப்பத்தோடு என் வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்றாள். எந்த அறிகுறியும் இல்லாதவளுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் 'டார்ச்' என்ற தொற்றுப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். புதுத் தொற்றுக்கு அடையாளமான ரூபெல்லா ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்று வந்ததும், கலைத்துவிடுவது நல்லது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஒரு முடிவை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. தவறாகவும் பாசிட்டிவ் காட்டும். தொற்று பழசா புதுசா என்று பிரித்துச் சொல்ல வேறு சோதனை உண்டு. மதுரைக்கு அழைத்துப் போய்ச் செய்தோம். என்றைக்கோ வந்துபோன பழைய தொற்றுதான், உடம்பில் எதிர்ப்பாற்றல் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பதினெட்டு நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சோறு தின்னவில்லை. கலைத்துவிட்டு வந்திருந்தால் யாரைக் கேட்பது?

என் புகார் இனிமேல்தான். அவளுடைய நாத்தனாருக்கு வரும் தையில் கல்யாணம். 2017-இல் அதே பள்ளியில் பிளஸ் ஒன் படித்தவள். பத்தாம் வகுப்போடு ஊசி வரிசை நின்றுவிட்டது. பிளஸ் ஒன் பிள்ளைகள் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். என் மாணவிக்காவது அப்பா வேண்டாம் என்றார். இவளுக்கு வேண்டுமா என்று கேட்கவே ஆள் இல்லை. 2002-க்கு முன்னால் பிறந்த பெண்கள் அத்தனை பேர் கதையும் இதுதான். இன்று இந்தப் பள்ளத்தாக்கில் கர்ப்பமாக இருப்பவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். அந்த நாத்தனாரை ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். நர்சம்மா தங்கமானவர். "பச்சைப்பிள்ளைகளுக்கு மட்டுந்தான் டீச்சர் வருது. பெரியவுகளுக்குப் போட எங்களுக்கு உத்தரவு இல்ல" என்றார். அவர் மேல் தப்பில்லை. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, அதோடு முடிந்தது. கர்ப்பிணிக்கு டி.டி. ஊசி உண்டு. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு ரூபெல்லா ஊசி கிடையாது.

கர்ப்பமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸால் ஆன தடுப்பூசி என்பதால் கர்ப்பிணிக்குப் போடமாட்டார்கள். போட்டுக்கொண்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்கச் சொல்வார்கள். (தெரியாமல் போட்டுக்கொண்டவர்கள் கருவைக் கலைக்கத் தேவையில்லை, இதை வைத்து இன்னொரு வாட்ஸ்அப் பதிவு கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.) ஆக, கல்யாணத்துக்கு முன்புதான் சரியான நேரம். அந்த நேரத்தில் அரசாங்கத்தின் கண்ணில் அவள் படுவதே இல்லை.

வயது வந்த பெண்களுக்குச் சிறுவயதிலேயே வந்து போயிருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். பலருக்கு வந்திருக்கும், எல்லாருக்கும் இல்லை. மதுரை, நெல்லை, கோவை அரவிந்த் மருத்துவமனை ஊழியர்களைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு எதிர்ப்பாற்றல் இல்லை. அவர்களுக்கு ஊசியும் போட்டார்கள். அந்தக் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். விடியற்காலையில் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் ஜீப்பில் பன்னிரண்டு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தால் இரண்டு பேருக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளுக்கு மட்டும் அரைகுறையாகப் போட்டுக்கொண்டு போனால் நோய் பெரிய வயதுக்குத் தள்ளிப்போகும் என்பதற்கு 1993-இல் பிறவி ரூபெல்லாக் குழந்தைகள் பெருகி கிரேக்க நாடு பட்ட பாடே சாட்சி. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை 1996 முதலே பிள்ளைப்பேறு வயதுப் பெண்களுக்கும் ரூபெல்லா ஊசி போட்டது. 2020-இல் ரூபெல்லா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் லட்சக்கணக்கில் செலவழித்து காக்ளியர் கருவி பொருத்துகிறது இதே அரசு. அது நல்ல காரியம். ஆனால் இந்த ஊசி பத்து டோஸ் உள்ள குப்பியில் வருகிறது. கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். அந்தப் புதன்கிழமை நான் சுகாதார நிலையத்தில் இருந்தபோது நான்கு குழந்தைகள்தான் வந்திருந்தன. ஆறு டோஸ் வீணாகப் போகிற மேசைக்கு எதிரே, மருந்து கிடைக்காமல் ஒரு மணப்பெண் நின்றாள்.

மிஞ்சும் டோஸை, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பெண்களுக்குப் போட ஓர் உத்தரவு போதும். அதைச் சுகாதாரத் துறை உடனே போட வேண்டும். அதற்குமேல், பள்ளத்தாக்கின் கல்லூரிகளிலும் ஏலத்தோட்ட ஜீப்புகள் புறப்படும் இடங்களிலும் வருடத்துக்கு ஒருமுறை முகாம் நடத்தட்டும். ஜீப் திரும்பும் மாலை நேரத்தில் நடத்தட்டும். காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று எழுதிக்கொள்ள வேண்டாம். 2017-இல் மறுத்த பிள்ளைகளின் பட்டியல் பள்ளிகளில் இருக்கும். கேட்டால் தேடிக் கொடுக்க நானே வருகிறேன்.

அந்த நாத்தனார் சென்ற வாரம் மதுரைக்குப் போய்க் காசு கொடுத்து, ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு வேறு. அவளோடு ஏலத்தோட்ட ஜீப்பில் போகும் மற்ற பதினோரு பேரும் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
சின்னமனூர், தேனி மாவட்டம்.